ஹம்ப்டா கணவாய் நடைக்குக் குறைமாவு உணவு: சுமை கூடாமல் கட்டுவது எப்படி?

கேள்வி (கோவை நடையர்):
அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் நண்பர்களுடன் மணாலிக்கு அருகிலுள்ள ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, 4,270 மீட்டர் உயரமுள்ள ஹம்ப்டா கணவாயைக் கடந்து, லாகுல் பக்கம் சத்ருவில் இறங்கத் திட்டமிட்டுள்ளோம். மொத்தம் ஐந்து நாள். குதிரையோ சுமை தூக்குபவரோ இல்லாமல் அவரவர் உணவை அவரவரே சுமப்பதாக ஏற்பாடு. நண்பர்கள் அவலும் ஓட்ஸும் நூடுல்ஸும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையோடு, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் கூட்டும் பேலியோ உணவுமுறையையும் ஓராண்டுக்கு மேலாகக் கடைப்பிடித்து அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதால், மலையில் அம்முறையைக் கைவிட மனமில்லை. வீட்டில் என் உணவு முட்டை, இறைச்சி, பனீர், கீரை ஆகியவைதான். இவற்றில் எதுவும் ஐந்து நாள் பையில் தாங்காது. உணவு மட்டும் மூன்று கிலோவுக்குள் அடங்க வழி உண்டா?

மறுமொழி (பொதிகை அடிவாரம்):
தாராளமாக அடங்கும். எடை விஷயத்தில் குறைமாவு உணவுக்காரருக்குத்தான் வசதி அதிகம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான் தருகின்றன. எனவே கொழுப்பு மிகுந்தும் ஈரம் குறைந்தும் இருப்பவற்றைப் பார்த்து எடுத்தால் போதும். அவித்த முட்டையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர் என்பதால் அது முதல் நாள் மதியத்தோடு சரி; பனீரும் அப்படியே.

ஒரு நாளுக்குப் பாதாம் 100 கிராம், வால்நட் 50, வறுத்த வேர்க்கடலை 50, கொப்பரைத் துருவல் 50, பதப்படுத்திய சீஸ் 80, உலர்ந்த இறைச்சி 60, நெய் 60 என்று வைத்துக்கொண்டால், 450 கிராமில் ஏறத்தாழ 2,500 கலோரி கிடைத்துவிடும். நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து 25 கிராமை ஒட்டித்தான் வரும். ஐந்து நாளுக்கு இரண்டேகால் கிலோ. இதே கலோரியை அரிசியில் எடுப்பவர் நாளொன்றுக்கு 700 கிராம் சுமக்க வேண்டும். முந்திரியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் மாவுச்சத்து கூடுதல். ஒவ்வொரு நாளின் பங்கையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி நாளைக் குறித்துவிட்டால், இரண்டாம் நாளிலேயே பாதாம் தீர்ந்துபோகும் நிலை வராது.

மறுமொழி (செட்டிநாட்டு அடுக்களை):
உலர்ந்த இறைச்சிக்குக் கடையைத் தேட வேண்டாம், தம்பி. நம் உப்புக்கண்டம் இதற்கென்றே அமைந்தது. எலும்பும் கொழுப்பும் நீக்கிய ஆட்டிறைச்சியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், அரைத்த பூண்டு ஆகியவற்றைப் பிசிறி, நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுங்கள். கையால் வளைத்தால் வளையாமல் முறிகிற பதம் வரும்வரை காய வேண்டும். நடுவில் சிறிது ஈரம் நின்றாலும் பூசணம் பிடிக்கும். ஆகவே வானம் மூடியிருக்கும் நாளில் தொடங்காதீர்கள். புறப்படுவதற்கு முன் அம்மியில் தட்டி, நெய்யில் மொறுமொறுப்பாக வறுத்து எடுத்துக்கொண்டால், மலையில் அடுப்பு மூட்டாமலே கொறிக்கலாம்.

கூடவே சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல்களையும் வறுத்து ஒரு கைப்பிடி கட்டிக்கொள்ளுங்கள். எடையே தெரியாது, கொட்டைகளைத் தின்று சலித்த நாக்குக்கு அந்தக் கசப்பும் உப்பும் எவ்வளவு இதமாக இருக்கும் என்பதை மூன்றாம் நாள் உணர்வீர்கள். மாலையில் கூடாரம் அடித்ததும், கொதிநீரில் முருங்கைக்கீரைப் பொடியும் மிளகும் உப்பும் ஒரு கரண்டி நெய்யும் கலந்து குடியுங்கள். சத்துமாவுக் கஞ்சி எளிது என்று யாராவது சொன்னால், அது முழுக்கத் தானியம் என்பதை மறக்க வேண்டாம்.

மறுமொழி (மருத்துவப் பணியாளர்):
உணவுப் பட்டியல் நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வியில் "மாத்திரை" என்று ஒரு சொல் வருகிறது. எடையைவிட அதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையாக இருந்தால், நாள் முழுதும் ஏறி நடந்து, மாவுச்சத்தும் குறைவாக உண்ணும்போது சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகையாக இருந்தால், குறைமாவு உணவும் நீரிழப்பும் சேர்ந்து, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் பெருகும் ஆபத்து உண்டு. அளவை மாற்றுவதா நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். எந்த உணவுமுறையில் இருந்தாலும் குளுக்கோஸ் பொடி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். உடன் வருவோருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

அடுத்தது உப்பு. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் குறைகிறது. அதனால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றுகிறது. வியர்வையும் சேரும்போது தலைவலி, களைப்பு, தலைசுற்றல் வரும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயின் அறிகுறிகளும் ஏறக்குறைய இவையே. ஆகவே உப்புக் கலந்த சூப்பைத் தவறாமல் குடியுங்கள். அதற்கும் தலைவலி தணியவில்லை என்றால் உயர நோய் என்றே கருதி, மேலே ஏறாதீர்கள். கூடினால் கீழே இறங்கிவிடுங்கள்.

கோவை நடையர்:
மிக்க நன்றி, ஐயா. அடுத்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறேன். அக்காவின் உப்புக்கண்டத்தையும் இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். கணவாயைக் கடக்கும் நாளிலும் இதே உணவு போதுமா? நெய்யை எதில் கொண்டு செல்வது?

மறுமொழி (பொதிகை அடிவாரம்):
கணவாய் நாளுக்கு மட்டும் சில பேரீச்சம்பழங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மருத்துவரிடம் இதையும் கேட்டுவிடுங்கள். ஒரே அளவு ஆக்சிஜனில் கொழுப்பைவிட மாவுச்சத்து சற்றுக் கூடுதல் ஆற்றல் தருகிறது. காற்று மெலிந்த ஏற்றத்தில் அந்த வேறுபாடு காலில் தெரியும். கொள்கைக்காக அன்று பிடிவாதம் வேண்டாம்.

நெய்யைக் குறுகிய வாய்ப் புட்டியில் ஊற்றாதீர்கள். கணவாயைக் கடந்ததும் தங்கும் ஷியா கோரு முகாமின் குளிரில் அது கல்லாக இறுகும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். கரண்டி நுழையும் அகன்ற வாய் டப்பாவே சரி. சமைக்க வேண்டியது சூப் மட்டுமே என்பதால் எரிவாயுவும் குறைவாகச் செலவாகும். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு வேகவைக்க முயலும் நண்பர்கள்தான் அடுப்பருகே காத்திருப்பார்கள். எரிவாயுக் குடுவையை விமானத்திலோ ரயிலிலோ கொண்டு செல்ல அனுமதியில்லை; மணாலியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த அளவுக்குக் கொட்டைகள் எல்லோருடைய வயிற்றுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. புறப்படுவதற்கு முன் ஒரு வார இறுதியில் இதே பொட்டலத்தை மட்டும் உண்டு மருதமலைப் படிகளில் ஏறிப் பாருங்கள். மலச்சிக்கல் தெரிந்தால் ஒரு சிறு பொட்டலம் இசப்கோலும் பையில் சேரட்டும்.