தள்ளும் ட்ரெயிலர்: த்ராட்டில் கொடுத்தால் சைக்கிள் ஆடுகிறது, மேம்பாலத்தில் மோட்டார் கட் ஆகிறது

கேள்வி (காட்பாடி):
நேதாஜி மார்க்கெட்டிலிருந்து முள்ளுக் கத்தரி, வெங்காயம் ஏற்றி வர ரெண்டு சக்கர ட்ரெயிலர். வலது சக்கரத்தில் 36 வோல்ட் 250 வாட் கியர் ஹப் மோட்டார், 15 ஆம்பியர் கன்ட்ரோலர், 10 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி. சக்கர இடைவெளி 60 செ.மீ. சீட் போஸ்டில் 80 செ.மீ. உயரத்தில், ரப்பர் ஹோஸ் துண்டு வைத்து இணைப்பு. அங்கிருந்து ட்ரெயிலர் அச்சு 1 மீட்டர். சுமை 40 கிலோ. மிதித்து இழுத்தால் ஒழுங்காக வருகிறது. மோட்டார் ஓடினால் 15 கி.மீ. வேகத்திலேயே சைக்கிளின் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கி ஆட்டம். ரயில்வே மேம்பாலம் ஏறினால் மோட்டாரும் நிற்கிறது.

பதில் 1:
முதலில் ஹோஸை எடுங்க. இழுக்கும்போது ரப்பர் விறைப்பா நிற்கும், தள்ளும்போது மடங்கும். ராட் எண்ட் பேரிங் (கம்பி முனையில் எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) போடுங்க, இல்லைன்னா லேத்தில் கடைந்த யுனிவர்சல் ஜாயின்ட். கையால் ஆட்டினால் லொடலொடன்னு இருக்கக் கூடாது. இணைப்பு விட்டாலும் ட்ரெயிலர் கழன்று போகாம பக்கத்திலேயே ஒரு நைலான் பட்டையும் கட்டணும், இது கட்டாயம்.

அடுத்தது உயரம். 250 வாட், 15 கி.மீ. வேகத்தில் தள்ளும் விசை சுமார் 6 கிலோ. அது தரையில் பிறக்குது, சைக்கிளின் எதிர்ப்பு இணைப்பில், 80 செ.மீ. மேலே. அதனால் ட்ரெயிலர் மூக்கு (சைக்கிளில் மாட்டும் முன்முனை) கிட்டத்தட்ட 4.8 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். உங்க மூக்குப் பாரம் அதைவிடக் குறைவுன்னா சீட் போஸ்ட் மேலே தள்ளப்பட்டு பின் சக்கரத்தின் பிடிப்பு குறையும். இணைப்பைச் சைக்கிளின் பின் அச்சு உயரத்துக்கு, 33 செ.மீ.க்கு, இறக்கினால் அதே தூக்கல் 2 கிலோதான். சுமையை ட்ரெயிலர் அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, மூக்கில் தொங்கு தராசு மாட்டி 6, 7 கிலோ வருதான்னு பாருங்க. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது விசை கூடும், அதுக்கும் இது தாங்கும்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. சைக்கிள் பின் அச்சில் மாட்டும் இணைப்பு இடப்பக்கம் வரும், உங்க மோட்டார் வலப்பக்கம். இணைப்புக்கும் மோட்டார் சக்கரத்துக்கும் பக்கவாட்டு இடைவெளி சுமார் 40 செ.மீ. ஆகிடும், இப்போ 30தான். அதனால் இணைப்பை மட்டும் மாற்றினால் ஒதுங்கல் மோசமாகும். மோட்டாரை இடது சக்கரத்துக்கு மாற்றுங்க, 20 செ.மீ.க்குக் குறையும். மாற்றும்போது சக்கரத்தைத் திருப்பிப் போடாதீங்க. கியர் ஹப் ஒரே திசையில்தான் தள்ளும். கேபிள் வரும் பக்கம் முன்பு எந்தக் கையோ அதே கையாக இருக்கணும். மோட்டார் அச்சை இரண்டு பக்கமும் ஃப்ரேம் தாங்கணும், அச்சு சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் 5 மி.மீ. எஃகுத் தகடாக இருக்கணும். பிரேக் பிடிச்சதும் மோட்டார் நிற்கும் கட்-ஆஃப் லீவர் ரெண்டு கைக்கும் போடுங்க. அது இல்லாம வளைவில் பிரேக் பிடிச்சா, ட்ரெயிலர் தள்ளி சைக்கிளை மடக்கிடலாம்.

கேள்வி கேட்டவர்:
சரிங்கண்ணா. மேம்பாலத்தில் நிற்பது?

பதில் 1:
ஏறும்போது மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் ஒருமுறை, கன்ட்ரோலர் முனையில் ஒருமுறை வைங்க. ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பக்கத்தில் நடந்தா போதும். இரண்டிலும் 31 வோல்ட்டுக்கு இறங்கினால் செல் பலவீனம், இல்லைன்னா சார்ஜ் குறைவு. கன்ட்ரோலரில் மட்டும் இறங்கினால் வயரோ கனெக்டரோ. பேட்டரி முனையிலேயே சட்டென பூஜ்யம் காட்டினால் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) துண்டிக்குது, அதன் ஆம்பியர் அளவைப் பாருங்க. வயர் 1 சதுர மி.மீ.ன்னா, போக வர 3 மீட்டருக்கு 15 ஆம்பியரில் 0.8 வோல்ட் போயிடும். 4 சதுர மி.மீ. போட்டா 0.2தான். வெயிலில் பேட்டரிப் பெட்டியை மூடியே வைக்காதீங்க, காற்றுத் துளை விடுங்க. ஏறும்போது மிதிக்கிறதை நிறுத்தாதீங்க, ஆம்பியர் அங்கேதான் மிச்சமாகும்.