450ஆ, 630ஆ? போர்வெல் தண்ணீரும் பேனா மீட்டரும்

பழைய பிப்பெட்: திருவான்மியூர் அடுக்ககச் செயலர் ஒருவர் தம் போர்வெல் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு (டிடிஎஸ்) பற்றி நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. "பேனா மீட்டர் 450 காட்டுகிறது, ஆய்வகம் 590 என்கிறது, ஆகவே ஆய்வகம் பணம் பிடுங்குகிறது" என்பது அவர் தீர்ப்பு. ஐயா, அந்தப் பேனா எந்த உப்பையும் எடை போடவில்லை. தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து, வந்த எண்ணை 0.5ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. உங்கள் நீரின் மின்கடத்துத்திறன் 900 மைக்ரோசீமென்ஸ். 0.7ஆல் பெருக்கும் பேனாவை வாங்கியிருந்தால் 630 வந்திருக்கும். அப்போது பொய்யர் யார்?

பிளாக் சி செயலர்: அந்தச் செயலர் நான்தான். பெட்டியில் பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று அச்சிட்டிருக்கிறார்கள், பெருக்கல் வாய்ப்பாடு எதுவும் அச்சிடவில்லை. 500க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்களுக்கு 450. முடிந்தது.

ஓம் விதி: இயற்பியலை மட்டம் தட்ட பிப்பெட் ஐயாவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும். மின்கடத்துத்திறன் விளையாட்டுச் சாமான் அல்ல. மின்வாய்களில் அயனிகள் தேங்கி அளவைக் கெடுக்கும் முனைவாக்கம் சேராதபடி மாறுமின்னோட்டம் செலுத்தி அளக்கும் வழியை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் இயற்பியலாளர் கோல்ராஷ் காட்டிவிட்டார். உங்கள் எடை முறை மட்டும் யோக்கியமா? வடிகட்டி, பீங்கான் கிண்ணத்தில் ஆவியாக்கி, 180 பாகையில் உலர்த்துகிறீர்கள். பைகார்பனேட் சிதைந்து தன் எடையில் ஏறக்குறைய பாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் இழந்துவிடுகிறது. போர் தண்ணீரில் பைகார்பனேட்டுக்கா பஞ்சம்?

பழைய பிப்பெட்: பாடம் எடுத்ததற்கு நன்றி, வாத்தியாரே. அந்த 180 செய்முறையிலேயே எழுதியிருக்கிறது. எல்லா ஆய்வகமும் அதே இழப்போடு அளப்பதால்தான் ஒப்பிட முடிகிறது. ஈரம் ஏறாத டெசிக்கேட்டர் கலத்தில் ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை மீண்டும் மீண்டும் நிறுக்கிறோம். உங்கள் 0.5க்கு என்ன ஆதாரம்? வெறும் சாப்பாட்டு உப்புக் கரைசல். 0.7க்கு? சோடியம் சல்பேட் 40, பைகார்பனேட் 40, குளோரைடு 20 சதவீதம் சேர்த்த ஒரு கலவை. செயலர் தொட்டியில் இருப்பது இவற்றில் எது என்று பேனாவின் காதில் யார் ஓதினார்கள்?

பிளாக் சி செயலர்: நாங்கள் கடற்கரை ஓரம். நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கும். அப்படியானால் சாப்பாட்டு உப்புதானே? 0.5தான் சரி.

பழைய பிப்பெட்: கிணற்றில் கடல் ஏறியதைப் பெருமையாகச் சொல்லும் முதல் செயலரை இன்றுதான் பார்க்கிறேன். அப்படியே இருந்தாலும் ஆய்வகம் 590 நிறுத்தது எப்படி? 900ஐ 0.5ஆல் பெருக்கினால் 590 வராது. 0.5 தப்பு. 0.5 தப்பு.

வேளச்சேரி வெள்ளம்: குறுக்கே வருகிறேன். வேறு நீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை அதே தர நிர்ணயம் அனுமதிக்கிறதே? 450ஆக இருந்தால் என்ன, 590ஆக இருந்தால் என்ன? இன்னொன்று, எங்கள் கேன் தண்ணீர் 40 காட்டுகிறது. நல்ல தண்ணீர்தானே?

பழைய பிப்பெட்: கிருமிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்சனிக் வரம்பு 0.01 மில்லிகிராம், உங்கள் பேனாவின் கடைசி இலக்கமோ 1. டம்ளர் நிறைய சர்க்கரை கரைத்துப் பேனாவை விடுங்கள், ஏறக்குறைய அசையாது. சர்க்கரை அயனியாவதில்லை. இதெல்லாம் இருக்கட்டும், 0.5க்குப் பதில் எங்கே?

ஓம் விதி: கருவியைச் சரிபார்த்தீர்களா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு 25 பாகையில் 1413 காட்ட வேண்டும். மொட்டை மாடித் தொட்டி நீர் 35 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும். வெப்பநிலைத் திருத்தம் இல்லாத பேனா என்றால் உங்கள் 900ஏ சந்தேகம். இங்கே முன்பு நடந்த வெப்பமானி விவாதத்தில் இதே கேள்விக்குத்தான் பிப்பெட் ஐயா காணாமல் போனார்.

பழைய பிப்பெட்: காணாமல் போகவில்லை. அன்று நீங்கள் வெப்பமானியைத் தலைகீழாகப் படித்ததைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டேன்.

ஓம் விதி: தலைகீழாகப் படித்தது நீங்கள் போட்ட படத்தை! படமே தலைகீழ்!

பிளாக் சி செயலர்: 1413இல் யார் என்ன செய்தார்கள் என்பது எங்கள் குடியிருப்புக்குத் தேவையில்லை. மீட்டர் புதியது. லிஃப்டில் 450 என்று அறிவிப்பு ஒட்டிவிட்டேன்.

வேளச்சேரி வெள்ளம்: 1413 ஆண்டு இல்லை ஐயா, மைக்ரோசீமென்ஸ்.

பழைய பிப்பெட்: ஒட்டியது ஒட்டினீர்கள், பக்கத்திலேயே "0.5ஆல் பெருக்கியது" என்றும் எழுதுங்கள்.

ஓம் விதி: அப்படியே ஆய்வக அறிக்கையில் "பைகார்பனேட் பாதி பறந்தது" என்றும் எழுதச் சொல்லுங்கள்.

பிளாக் சி செயலர்: எதுவும் எழுத மாட்டேன். பொது ஆர்.ஓ. வைக்கச் சொல்லும் மூன்றாம் மாடிக்காரர்தான் உங்கள் இருவரையும் ஏவிவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

பழைய பிப்பெட்: எந்த மூன்றாம் மாடி? நான் கேட்டது 0.5.