ட்ரெய்லர் பார்க் பக்கத்துல வீடு வாங்கக்கூடாதா?

செல்வா_டல்லஸ்:
போன வாரம் ஒரு வீடு பாத்தோம். ஸ்கூல் நல்லா இருக்கு, விலையும் தோதா இருக்கு, ஆனா பின்னாடி அரை மைல்ல ஒரு ட்ரெய்லர் பார்க், அதான் ஃபேக்டரில செஞ்சு இழுத்துட்டு வந்து வரிசையா நிறுத்தற மொபைல் ஹோம் வீடுங்க இருக்கற எடம். ஃப்ரெண்டு ஒருத்தர் "வேணாம்பா, ட்ரெய்லர் ட்ராஷ் பசங்க கூட உன் பையன் ஸ்கூல் பஸ்ல போவான்"னு சொல்லிட்டாரு. "ட்ரெய்லர்ல இருக்கற குப்பை"ன்னு திட்டற அந்த வார்த்தை கேட்டதுலேந்து மனசு சரியில்ல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராஜேஷ்_ஹூஸ்டன்:
அவர் சொன்னது கரெக்ட் செல்வா. 14 வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ட்ரெய்லர் பார்க் பக்கம் போனாலே வாசல்ல துருப்பிடிச்ச கார், போலீஸ் வண்டி, மெத் போதை மருந்து கேஸ். நாம கடன் வாங்கி ரெண்டு பெட்டியோட வந்து, விசாவுக்கு பயந்து பயந்து மேல வந்தோம். அவங்களுக்கு அந்த பயமும் இல்ல, பொறந்த ஊரு, தாய்மொழி இங்கிலீஷ், அப்படியும் அங்கயே கெடந்தா சோம்பேறித்தனம்னு சொல்லாம வேற என்ன சொல்றது?

பழனி_துல்சா:
ராஜேஷ் அண்ணா, 2009ல மாஸ்டர்ஸ் படிக்கறப்ப நாங்க நாலு பேர் ஒரு சிங்கிள் வைட், அதாவது சின்ன சைஸ் ட்ரெய்லர்ல வாடகைக்கு இருந்தோம், அதனால சொல்றேன். பக்கத்துல ஒரு அம்மா, முதியோர் இல்லத்துல நைட் ஷிஃப்ட், காலைல ஏழு மணிக்கு வந்து பையன பஸ் ஏத்திவிட்டுட்டுதான் படுப்பாங்க. ஜனவரில ஒரு நாள் குளிர்ல பைப் உறைஞ்சு தண்ணி வரல. வீட்டுக்கு கீழ சுத்தி தகடு அடிச்சிருப்பாங்கல்ல, ஸ்கர்ட்டிங், அதுல ஒண்ண கழட்டிட்டு, யூனிஃபார்ம் கூட மாத்தாம, ரெண்டடி எடத்துல மல்லாக்க படுத்து ஹேர் ட்ரையரால பைப்புக்கு சூடு காட்டிட்டு இருந்தாங்க. நான் டார்ச் அடிச்சேன். முக்கா மணி நேரம் ஆச்சு. அவங்கள சோம்பேறின்னா எனக்கு கோவம் வருதுண்ணா.

ராஜேஷ்_ஹூஸ்டன்:
ஒரு அம்மாவ வெச்சு எல்லாரையும் சொல்ல முடியாது தம்பி. அவ்ளோ கஷ்டம்னா காலி பண்ணிட்டு அபார்ட்மென்ட் போகலாம்ல? இல்ல நல்ல பார்க்குக்கு மாறட்டும், பேரே மொபைல் ஹோம்தானே.

மீனா_ஓஹையோ:
அங்கதான் எல்லாரும் தப்பா நினைக்கறோம். பார்க்ல நிறைய பேருக்கு வீடு சொந்தம், அடில இருக்கற நிலம் மட்டும் வேற ஒருத்தனோடது, அதுக்கு மாசா மாசம் லாட் ரெண்ட். ஒரு தடவ இறக்கி, கான்க்ரீட் பிளாக் மேல நிறுத்தி, ஸ்ட்ராப் போட்டு கட்டிட்டா திரும்ப நகத்த பல ஆயிரம் டாலர் ஆகும், பழசா இருந்தா தூக்கறப்பவே உடைஞ்சுரும், வேற பார்க்ல சேத்துக்கவும் மாட்டான். இது முதலாளிக்கும் தெரியும். பல வருஷமா ப்ரைவேட் ஈக்விட்டிக்காரங்க, அதாவது பெரிய முதலீட்டு கம்பெனிக்காரங்க, பார்க் பார்க்கா வாங்கி வாடகைய ஏத்தறதே இந்த தைரியத்துலதான். கட்ட முடியலன்னா வீட்ட அப்படியே விட்டுட்டு போகணும். நம்ம ஊர்ல அடிமனை வாடகைல வீடு கட்டினவங்கள கேளுங்க, இந்த வலி புரியும்.

கடனும் அப்படித்தான். நிலம் சொந்தமில்லன்னா பெரும்பாலும் மார்ட்கேஜ், அதான் வீட்டுக் கடன், கிடைக்காது, கார் லோன் மாதிரி ஒண்ணு தருவான், வட்டி ஜாஸ்தி. அமெரிக்கால சுமார் 2 கோடி பேர் இந்த மாதிரி வீட்லதான் இருக்காங்க. ரிட்டையர் ஆன கிழவன் கிழவி, நர்சிங் ஹோம், கோழி ஃபேக்டரி, வால்மார்ட்ல வேல பாக்கறவங்க, எல்லாரும்தான். அத்தன பேரும் மெத்தா?

ராஜேஷ்_ஹூஸ்டன்:
லாட் ரெண்ட் விஷயம் எனக்கு தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா சேஃப்டி? டொர்னாடோ சூறாவளி வந்தா மொத சாவு அங்கதான். தகர டப்பால குடும்பம் நடத்தறது பொறுப்பா?

பழனி_துல்சா:
டொர்னாடோ உண்மைதாண்ணா. வீட்டுக்குள்ள இருந்து சாகறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் மொபைல் ஹோம்ல இருந்தவங்க. சைரன் அடிச்சா நாங்க ரோட்ட தாண்டி சர்ச்சுக்கு ஓடுவோம், பார்க்ல ஒதுங்க ஷெல்டர் கிடையாது. மின்னசோட்டா மாதிரி எடத்துல ஷெல்டருக்கு சட்டம் இருக்கு, எங்க பார்க்ல யாரும் கட்டல, வாடகை மட்டும் ஒண்ணாம் தேதி கரெக்டா வாங்கிட்டு போவாங்க. இது அந்த அம்மாவோட பொறுப்பில்லாத்தனமா?

மீனா_ஓஹையோ:
எல்லாமே தகர டப்பாவும் இல்ல. 1976 ஜூன்லேந்து ஃபெடரல் கட்டட விதி இருக்கு, 1992 ஆண்ட்ரூ புயலுக்கு அப்புறம் 1994ல காத்துக்கான விதிய இன்னும் இறுக்கினாங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல மெரடித்னு ஒரு ஊரு, 1984லயே பார்க்ல இருந்தவங்க கூட்டா சேந்து கடன் வாங்கி நிலத்தயே வாங்கிட்டாங்க. இப்ப நாடு முழுக்க அந்த மாதிரி 300க்கு மேல இருக்கு. வாடகை எவ்ளோன்னு அவங்களே கூடி முடிவு பண்றாங்க. ஆளு அதே ஆளுதான், நிலம் கைக்கு வந்துச்சு, அவ்ளோதான்.

ராஜேஷ்_ஹூஸ்டன்:
சரிம்மா, அவங்க மேல தப்பில்லன்னே வெச்சுக்கறேன். ஆனாலும் ரீசேல்னு வந்தா நஷ்டப்படப் போறது செல்வா. என் காச நான் அங்க போட மாட்டேன்.

பழனி_துல்சா:
அது உங்க இஷ்டம்ணா. செல்வா, பஸ்ஸுன்னு சொன்னீங்களே. அந்தம்மா பையன் ஆறாவது படிச்சான். சாயங்காலம் பார்க் வாசல்ல எறங்க மாட்டான். ஒரு ஸ்டாப் முன்னாடி கேஸ் ஸ்டேஷன்ல எறங்கி, பஸ் போற வரைக்கும் ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சு நின்னுட்டு அப்புறம் நடந்து வருவான். பனியிலயும் அப்படித்தான். அம்மாவுக்கு தெரியாது, அவங்ககிட்ட சொல்லாதீங்கன்னு எங்கள கேட்டுக்கிட்டான்.

செல்வா_டல்லஸ்:
பழனி, என் பையனும் ஆறாவதுதான். சனிக்கிழமை வீட்ட இன்னொரு தடவ பாக்கப் போறோம், இந்த தடவ அவனையும் கூட்டிட்டு போறேன். ஃப்ரெண்டு சொன்ன அந்த வார்த்தை அவன் முன்னாடிதான் சொன்னாரு, அத பத்தி வண்டில போறப்ப அவன்கிட்ட பேசணும்.