வலதுபாரிசத்தில் ஒருவர்

இயேசு உயிர்த்தெழுந்தபின் பரலோகத்துக்கு ஏறிப்போனதை நினைக்கிற பரமேறுதல் நாள் எனக்குப் பல வருடங்களாக ஒரு வியாழக்கிழமை, அவ்வளவுதான். ஈஸ்டரிலிருந்து எண்ணினால் 40ஆம் நாள், பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாளுக்கு 10 நாள் முன்பு. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தில், அவர் பிதாவின் 'வலதுபாரிசத்தில் வீற்றிருக்கிறார்' என்று வாரம் தவறாமல் சொல்வேன்.

அந்த வரி எனக்குள் இறங்கியது, மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 நாள் கிடந்தபோது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஜெபம் நின்றுபோனது. "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சபையின் மூத்தவர் ஒருவர் வந்து வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் சொன்னேன். "சரி தம்பி, உங்களால முடியலைன்னா சும்மா இருங்க. உங்களுக்காக வேண்டிக்கிட்டிருக்கிறவர் நிறுத்தலையே" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. அவர் போன பிறகு எபிரெயர் 7:25ஐத் தேடி எடுத்தேன். நமக்காக வேண்டுதல் செய்யவே அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறார் என்று இருந்தது.

மறுநாள் உள்ளே விட்ட பத்து நிமிடத்தில் அவள் கையைப் பிடித்தேன். ஊசி குத்திக் குத்திப் புறங்கை நீலம் பாரித்திருந்தது. டேப்பைப் பிய்த்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. உயிர்த்தெழுந்ததை நம்பாத சீஷன் தோமாவுக்கு இயேசு காட்டிய, ஆணி பாய்ந்த கைகள் நினைவுக்கு வந்தன. அந்தத் தழும்போடுதானே ஏறிப்போனார்! மனித உடம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லையே. வலி என்றால் என்னவென்று அங்கே யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

அவள் வீடு திரும்பினாள். ஆனால் எனக்கு நிச்சயம் வந்தது அதற்கு முன்பே. இதைச் சொல்லாமல் விட்டால் சாட்சி தப்பாகிவிடும்.

*

அண்ணா, கடைசி வரிக்காக நன்றி. என் அம்மா வீடு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் லூக்கா 24 படித்தேன். இயேசு சீஷர்களைப் பெத்தானியாவரை கூட்டிப்போய், கைகளை உயர்த்தி ஆசீர்வதிக்கும்போதே பிரிந்துபோகிறார். கையை இறக்கினார் என்று லூக்கா எழுதவே இல்லை. சீஷர்களோ மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். பிரிந்த கையோடு சந்தோஷமா என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. யோவான் 14க்குப் போன பிறகுதான் அடங்கியது. போகிறேன் என்றதோடு அவர் நிறுத்தவில்லை, போய் வருகிறேன் என்றார். எபிரெயர் 6 அவரை நமக்கு முன்னே ஓடினவர் என்கிறது. முன்னே ஒருவர் ஓடினால் பின்னே ஆட்கள் வருகிறார்கள் என்றுதானே பொருள்? அம்மா அந்த வழியில் போயிருக்கிறார். அழுகை இன்னும் வருகிறது, வரட்டும்.

*

நான் தீவிர சிகிச்சை வார்டில் இரவுப் பணி பார்க்கிற நர்ஸ். ஒருவர் இறந்துபோனால், எல்லாம் முடித்துவிட்டு ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். ஒரு ராத்திரி அப்படி நிற்கும்போது அப்போஸ்தலர் 1:11 நினைவுக்கு வந்தது, அவர் ஏறிப்போன வானத்தையே பார்த்து நின்ற சீஷர்களிடம் கேட்டது, "நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" என்று. கடிந்துகொண்ட மாதிரி இல்லை. தோளைத் தொட்டுத் திருப்பிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த படுக்கையில் இருந்த பாட்டிக்கு டிரிப்ஸ் தீரப்போகிற நேரம். போய் மாற்றினேன்.