மச்சானுக்குக் கணைய அழற்சி, வலிக்கு என்ன கேக்கலாம்?

பாம்பன்ல விசைப்படகுல கடலுக்குப் போற என் மச்சானுக்கு முந்தாநாள் ராத்திரி மேல்வயித்துல வலி, முதுகு வரைக்கும் குத்துச்சு. வாயுன்னு நெனச்சு சோடா குடுத்தோம் (எங்க புத்தி!). ராமநாதபுரத்துல சேர்த்தா, ரத்தத்துல லைபேஸ் (கணையம் சுரக்கற என்சைம்) சாதாரண அளவைவிட 3 மடங்குக்கும் மேல, கணைய அழற்சியாம்.

டிரிப்ஸ் ஏறுது, பாராசிட்டமாலும் டிராமடாலும் போடுறாங்க. ஆனா அடுத்த ஊசி வரைக்கும் தாங்கல. முன்னாடி குனிஞ்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் மூச்சு விடுறாரு. மார்ஃபின் போட்டா கணையக் குழாயோட வாய் இறுகி நோய் முத்திடும்னு பக்கத்துக் கட்டில்காரர் பயமுறுத்துறாரு. அது பழைய பயம், நோயாளிகள்கிட்ட அப்படி நிரூபணமாகலன்னு படிச்சேன்.

நர்ஸ், டாக்டர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க: ஃபென்டனில் (மார்ஃபின் வகை வலி மருந்து), எபிடியூரல் (முதுகுத்தண்டு பக்கத்துல மெல்லிசு குழாய் வச்சு வலி மருந்து குடுக்கறது) பத்தி டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறது? மூச்சு வாங்குறது, ஒண்ணுக்குக் கொறையுறது தவிர, மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்ப வேற என்ன அறிகுறி பாக்கணும்? அக்கா அழுதுகிட்டே இருக்கு.