மாநாட்டில் பேசும் முன் காப்புரிமை விண்ணப்பம்: அனுபவசாலிகள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வெட் கிரைண்டரில் கல்லைத் தூக்காமலே அடியில் தங்கும் மாவை வழித்தெடுக்க ஓர் அமைப்பு செய்திருக்கிறேன். (எங்கள் ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டுதான். அது பெயரைத்தான் காக்கும், உள்ளே இருக்கும் நுட்பத்தை அல்ல.) அறிவுசார் சொத்துரிமை, புத்தாக்கம் பற்றி வருடா வருடம் நடக்கும் ஒரு சர்வதேச மாநாட்டில் இதைப் பற்றிப் பேச இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒரே குஷி. எனக்குத்தான் தூக்கம் இல்லை.

மேடையில் காட்டிவிட்டால் புதுமை போய்விடும், பிறகு காப்புரிமை கிடைக்காது என்கிறார்கள். 1970 காப்புரிமைச் சட்டத்தின் 31-வது பிரிவில், அறிஞர் சங்கத்தில் கட்டுரை வாசித்த பிறகும் விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. இந்த மாநாடு அந்தக் கணக்கில் வருமா? வந்தாலும் ஐரோப்பாவில் அது செல்லாது. ஜெர்மனிக்கு அனுப்பும் ஆசை இருப்பதால் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடலாம், 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம் என்று நினைக்கிறேன்.

தற்காலிக விண்ணப்பத்தில் எவ்வளவு விவரம் எழுதினீர்கள்? காப்புரிமை ஏஜென்ட் இல்லாமல் நீங்களே போட்டவர்கள் யாராவது உண்டா? தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய்தான், ஏஜென்ட் சொன்ன தொகைதான் மலைப்பாக இருக்கிறது. அப்புறம், கட்டுரைச் சுருக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். நுட்பத்தைச் சொல்லாமல் பொதுப்படையாக எழுதி அனுப்பலாமா?

தயவுசெய்து படம் மட்டும் கேட்காதீர்கள். இங்கே போட்டாலும் அதே கதைதான்!