பிளேட் வச்ச காலுல 14 மாசமா சலம் நிக்கல, யாருக்காவது இப்படி இருந்து மாறிருக்கா?

பால்வெட்டு, குலசேகரம்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 41, குலசேகரத்துக்கு மேல ரப்பர் பால் வெட்டுத சோலி. போன வருஷம் மழை நேரத்துல விடியக்காலம் தலைல லைட்டு கட்டிட்டு சரிவுல எறங்கும்போ வழுக்கி விழுந்து வலது காலு முட்டுக்குக் கீழ ஒடிஞ்சுபோச்சு, எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய தெரிஞ்சுது, மண்ணும் சருகும் எல்லாம் உள்ள போயிருந்துது. அன்னைக்கே ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில கொண்டுபோயி ஆப்பரேஷன் பண்ணி பிளேட்டும் ஸ்க்ரூவும் வச்சாங்க.

தையல் பிரிச்ச மூணாவது வாரம் தழும்புக்குக் கீழ்ப் பக்கம் கடுகளவுக்கு ஒரு ஓட்டை விழுந்துது. அதுல இருந்து ஊறிட்டே இருக்கு. பட்டைல கத்தி வச்சா பால் எப்படி பைய பைய ஊறி வருமோ அதே மாதிரிதான், அமுக்கினா மஞ்சளா ஒரு சொட்டு வந்து நிக்கும். பத்து நாளு மூடிரும், நானும் ஆறிட்டுன்னு சமாதானமா இருப்பேன், அப்புறம் ஒரு ராத்திரி காலு சுட்டு வீங்கும், விடிஞ்சா திரும்ப ஒடைஞ்சிருக்கும். பஞ்சு வச்சு டெஸ்ட் எடுத்ததுல எம்ஆர்எஸ்ஏ ஸ்டாஃப்னு எழுதியிருந்துது, பல மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமியாம். அதுக்கு லினசோலிட் 600 மாத்திரை காலைலயும் ராத்திரியும் போடச் சொன்னாங்க. போட்டா நிக்கும், விட்டா வரும். ரெண்டு தடவ நானே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிப் போட்டேன், தப்புதான். இப்போ நடக்கது மூணாவது ரவுண்டு, இதுவே ஆறு வாரம் ஆயிட்டு.

இது போக ஒருவாடு தொந்தரவு இருக்கு. பத்து மரம் வெட்டினா மேலெல்லாம் தளர்ந்துபோவுது, முன்ன 300 மரம் வெட்டுன ஆளு நான். ரெண்டு பாதத்துலயும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, செருப்பு போட்டாலும் போட்ட மாதிரி தெரியல. தழும்பு பக்கத்துல மரத்துக் கிடக்கு. ஆஸ்பத்திரில சொன்னா அதெல்லாம் ஆப்பரேஷன் பண்ணுனா இருக்கும்னு சொல்லி விட்டுருதாங்க. போன மாசம் மூத்தவளுக்கு கக்கத்துல பெரிய கட்டி வந்து கீறி எடுத்தோம், இப்போ சின்னவனுக்கு தொடைல ஒண்ணு வந்துருக்கு. எனக்க காலுல இருந்துதான் பிள்ளைகளுக்குப் பரவுதான்னு நெனச்சா ராத்திரி உறக்கம் வரமாட்டேங்குது.

பிளேட்டை எடுக்கணும்னு ஒரு டாக்டர் சொல்லுதாரு, எலும்பு சேராம எடுக்கக்கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்லுதாரு. எங்க மாமா முறிவெண்ணெய் போட்டு ஒரு வைத்திய ஆசான்கிட்ட தடவச் சொல்லுதாரு. ஒண்ணும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் சிஸ்டர்

அண்ணே, நான் நர்ஸ், பதினோரு வருஷம் ஆர்த்தோ வார்டுல நின்னவ, இப்போ கல்ஃப்ல இருக்கேன். நீங்க எழுதினதுல ஒரு வரி என்னை பயமுறுத்துது, அதை முதல்ல சொல்லிடுதேன். ஆப்பரேஷன் பண்ணது வலது காலு, எறும்பு ஊருதது ரெண்டு பாதத்துலயும். ஆப்பரேஷன்ல நரம்பு பட்டிருந்தா அந்த ஒரு காலுதான மரக்கணும், இடது காலு என்ன பாவம் பண்ணுச்சு? லினசோலிட் பொதுவா ரெண்டு வாரம், அதிகம் போனா நாலு வாரம் குடுக்கிற மருந்து. அதுக்கு மேல போனா கை காலு நரம்பைப் பிடிக்கும், ரத்தம் உறைய உதவுத பிளேட்லெட் அணுவும் குறையும், சில பேருக்கு கண்ணு நரம்பையும் பிடிக்கும். வாரா வாரம் ரத்தம் பாத்துட்டேதான் குடுக்கணும். உங்களுக்கு ஒரு தடவையாவது பாத்தாங்களா? இன்னைக்கே டாக்டரைக் கூப்பிட்டு ஆறு வாரம் ஆச்சு, ரெண்டு பாதமும் மரக்குதுன்னு இதே வார்த்தையில சொல்லுங்க, நிறுத்தவா மாத்தவான்னு அவர் சொல்லட்டும். கண்ணு மங்கலா தெரிஞ்சாலோ, செவப்பு கலர் வெளிறித் தெரிஞ்சாலோ ஒரு நாளும் தாமசிக்காதீங்க. மனசுக்கு, உறக்கத்துக்குன்னு வேற மாத்திரை ஏதும் போட்டா அதையும் சொல்லுங்க, சிலது லினசோலிட் கூட சேரவே சேராது.

கூடவே சுகர் பாருங்க, மூணு மாச சராசரி காட்டுமே அந்த டெஸ்ட். விட்டமின் பி12ம் பாருங்க. பாதம் மரக்கதுக்கு இது ரெண்டும் காரணமா இருக்கலாம், சுகர் ஏறிக் கிடந்தா புண்ணும் ஆறாது, எலும்பும் சேராது. பீடி சிகரெட் உண்டுன்னா அதுவும் எலும்பு சேரதைத் தடுக்கும், கோவிச்சுக்காதீங்க.

இனி பிளேட் விஷயம். ஸ்டாஃப் கிருமி இரும்புல ஒட்டிட்டுன்னா தன்னைச் சுத்தி வழுவழுன்னு ஒரு படலம் கட்டிக்கும், குளத்துப் படியில பாசி பிடிச்சு வழுக்குமே அது மாதிரி. மாத்திரை அந்தப் படலத்துக்கு வெளிய இருக்கதைக் கொல்லும், உள்ள இருக்கதைத் தொடாது. போட்டா நிக்கிதது, விட்டா வருதது ஏன்னு இப்போ புரியுதா? மாத்திரையை மாத்திட்டே இருந்து இது தீராது. ரெண்டு டாக்டரும் சொன்னது சரிதான், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரும் இல்ல. எலும்பு சேரலன்னா, பிளேட்டும் ஆடலன்னா, சேருத வரைக்கும் கிருமியை அடக்கி வச்சுட்டு, சேர்ந்த பிறகு பிளேட்டை எடுத்து உள்ள சுரண்டிக் கழுவுவாங்க. ஸ்க்ரூ ஆட ஆரம்பிச்சாச்சுன்னா வச்சிருந்து பிரயோஜனம் இல்ல, எடுத்துட்டு வெளியில இருந்து கம்பி போட்டு நிறுத்துவாங்க. அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: எனக்க எலும்பு சேர்ந்துட்டா இல்லியா? எக்ஸ்ரே போதலன்னா சிடி எடுத்தா தெரிஞ்சிரும்.

முறிவெண்ணெய் ஒடிவுக்கு நம்ம ஊருல காலங்காலமா போடுததுதான், அதை குறை சொல்ல மாட்டேன். ஆனா சலம் வடியுத காலைப் பிடிச்சுத் தடவவே கூடாது அண்ணே. ஆசான்கிட்ட ஓட்டையைக் காட்டுங்க, நல்ல ஆசான்னா அவரே தொட மாட்டாரு.

குளிரோட காய்ச்சல், நடுமுதுகுல புதுசா வேதனை, மூச்சு முட்டு, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பாக்காம போங்க. ஸ்டாஃப் ரத்தத்துல கேறிட்டுன்னா முதுகெலும்புக்கும் இதய வால்வுக்கும் போகலாம்.

கொளச்சல்காரன்

தம்பி எனக்கு இதே கதைதான், தொடையில பிளேட்டு. வள்ளத்துல விழுந்து ஒடிஞ்சது. ரெண்டு வருஷம் அலஞ்சேன். கடல் உப்புத்தண்ணி புண்ணை ஆத்தும்னு எங்க அப்பா காலத்துல இருந்து சொல்லி வளத்தது, நானும் ஓட்டையோட கடல்ல எறங்கினேன், மூணாம் நாளு தொடை தவில் மாதிரி ஆயிட்டு. கடல் தண்ணில புண்ணு வழியா கேறுத வேற கிருமியும் உண்டுன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. நீ சானல்லயும் ஆத்துலயும் குளிக்கிற ஆளா இருப்ப, மூடுத வரைக்கும் வேண்டாம், வீட்டுல கோரிக் குளி.

எனக்கு எலும்பு சேர்ந்துட்டுன்னு உறுதியான பிறகு பிளேட்டை எடுத்தாங்க. எடுத்து உள்ள செத்துப்போன எலும்பைச் சுரண்டிட்டு மருந்து கலந்த சிமெண்டு உருண்டையை மாலை மாதிரி கோத்து உள்ள வச்சு தச்சாங்க, ஆறு வாரம் ஊசி, அதுக்கப்புறம் அந்த மாலையை உருவி எடுத்தாங்க. அந்த ஆறு வாரம்தான் கஷ்டம். ஆனா அதோட ஓட்டை மூடிச்சு, மூணு வருஷம் ஆச்சு, திறக்கல.

நீ எழுதின தளர்ச்சி இருக்கே, அதை யாரும் எனக்கும் சொல்லித் தரல. கிருமி போயிட்டு, ரிப்போர்ட் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுதாங்க, எனக்கு வலையைத் தூக்க முடியல. வீட்டுல சும்மா கெடக்கான்னு பேச்சு வேற. ஒம்பது மாசம் ஆச்சு திரும்ப கடலுக்குப் போக. மாசக்கணக்கா உடம்புக்குள்ள சண்டை நடந்தா உடம்பு தளரத்தான் செய்யும், கூட மாசக்கணக்கா மருந்து, படுக்கை, தசை சூம்பிப் போனது. நீ மடியன் இல்ல தம்பி, அதை மனசுல வச்சுக்க. நான் காலைல கடக்கரையில ஐம்பது அடி நடந்து உக்காருவேன், மறுவாரம் நூறு அடி. முட்டை, மீன், பயறு எல்லாம் வஞ்சகமில்லாம சாப்பிட்டேன். தழும்பு பக்கம் மரப்பு எனக்கு இப்பவும் இருக்கு, அது போகாது போல, சோலிக்கு இடைஞ்சல் இல்ல.

காசுக்கு யோசிக்காத. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கா? குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல போயி காப்பீட்டு கவுண்டர்ல கேளு.

பால்வெட்டு, குலசேகரம்

சிஸ்டர், அண்ணே, வாசிச்சிட்டு நானும் எனக்க வீட்டுக்காரியும் ரொம்ப நேரம் பேசாம இருந்தோம். ரெண்டு பாதமும்னு நான் எழுதினேனே தவிர அதுல இவ்வளவு இருக்குன்னு யோசிக்கவே இல்ல. ஒரு தடவ கூட ரத்தம் பாக்கல. டாக்டரைக் கூப்பிட்டாச்சு, மாத்திரையை நிறுத்திட்டு நாளைக்கு நேர்ல வரச் சொல்லிட்டாரு. பிள்ளைகளுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. பிறகு, முதல்ல எடுத்த பஞ்சு டெஸ்ட் ரிப்போர்ட் போதுமா, திரும்ப எடுக்கணுமா?

லேப் அக்கா, நாகர்கோவில்

டெஸ்ட் பத்தி நான் சொல்லுதேன், 16 வருஷமா இதே சோலி. ஓட்டை வாசல்ல பஞ்சு வச்சு எடுத்தா தோல்ல இருக்குத கிருமியும் சேந்து வளரும். உள்ள பிளேட்டுல குடியிருக்கது அதுதானான்னு அதை வச்சு சொல்ல முடியாது. ஆப்பரேஷன் பண்ணி உள்ள இருந்து சதையும் எலும்பும், வேற வேற இடத்துல அஞ்சு துண்டு எடுத்து தனித்தனி குப்பியில போடணும். ரெண்டு மூணு குப்பியில ஒரே கிருமி வளந்தா அதுதான் கள்ளன். உடம்பு தாங்குமுன்னா அதுக்கு முன்ன ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் இல்லாம இருக்கச் சொல்லுவாங்க, மருந்து உள்ள இருந்தா நாங்க கிருமி வளக்குத தட்டுல ஒண்ணும் முளைக்காம போகலாம். அதை டாக்டர் சொல்லித்தான் செய்யணும், நீங்களா இல்ல. ஸ்டாஃப் ரெண்டு மூணு நாளுல வளந்துரும், ஆனா பிளேட் வச்ச கேஸ்னு எழுதி அனுப்பினா ரெண்டு வாரம் வரைக்கும் தட்டை வச்சுப் பாப்போம், பைய வளருத கிருமியும் உண்டு. டிபிக்கும் ஒரு துண்டு அனுப்பச் சொல்லுங்க, நம்ம நாட்டுல அதை விட்டுரக்கூடாது. ஃபார்மலின்ல போட்ட துண்டு எங்களுக்கு உதவாது, அது பயாப்சிக்கு. எத்தனை தடவ வந்திருக்கு தெரியுமா அப்படி, திருப்பி அனுப்பும்போ வயிறு எரியும்.

பிள்ளைகளுக்கு. பத்துப் பேர்ல மூணு பேருக்கு மூக்குல ஸ்டாஃப் கிருமி சும்மா இருக்கும், அவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. உங்ககிட்ட இருந்து பிள்ளைக்கா, பிள்ளைகிட்ட இருந்து உங்களுக்கான்னு தேடிட்டு மனசை நோகடிக்காதீங்க. குளிச்சா துவட்டுத தோர்த்து ஒவ்வொருத்தருக்கும் தனி, வெந்நீர்ல துவச்சு நல்ல வெயில்ல காயப்போடணும், படுக்கை விரிப்பும் அப்படித்தான். ரேசர், சோப்புக்கட்டி பங்கு வைக்கக்கூடாது. டிரெஸ்ஸிங் மாத்தினா முன்னயும் பின்னயும் கை கழுவணும், பழைய பஞ்சை கவர்ல கெட்டிப் போடணும். சின்னவனுக்க கட்டியை அமுக்காதீங்க, டாக்டர்ட்ட காட்டுங்க. ஆப்பரேஷனுக்கு முன்ன மூக்குல முப்பிரோசின்னு ஒரு களிம்பு அஞ்சு நாளும், உடம்புக்கு குளோர்ஹெக்சிடின்னு கிருமிநாசினி குளியலும் சில இடத்துல குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க. மூக்குக்குன்னு தனியா வருத மருந்தாத்தான் வாங்கணும், தோல்ல போடுதது வேற. குளிக்கும்போ கண்ணு, காதுல படாம பாருங்க.

பால்வெட்டு, குலசேகரம்

பன்னெண்டு நாளு கழிச்சு எழுதுதேன், மன்னிக்கணும். மூணு மாச சுகர் 8.4. எனக்கு சுகர் இருக்கதே தெரியாது, வீட்டுல ஒருத்தருக்கும் இல்ல. பிளேட்லெட் குறைஞ்சிருந்துது, மாத்திரையை நிறுத்தினதும் ஏறிட்டு வருது. பாதம் அப்படியேதான் இருக்கு, மருந்தும் காரணம் சுகரும் காரணமா இருக்கும், மாறதுக்கு மாசக்கணக்கா ஆகலாம், முழுசா மாறாமலும் போகலாம்னு சொன்னாரு. நெஞ்சு கனத்துதான் இருக்கு, ஆனாலும் ஒருத்தர் நேரா பாத்து சொன்னது ஒரு நிம்மதி.

சிடில எலும்பு முக்கால்வாசி சேர்ந்திருக்கு, நடு ஸ்க்ரூ ரெண்டும் ஆடுது. பிளேட்டை எடுக்கத்தான் முடிவு, அடுத்த வியாழன் அட்மிட். வீட்டுல துணி காயப்போடுத கயிறு ரெண்டாச்சு, அஞ்சு தோர்த்தும் அஞ்சு கலர்ல வெயில்ல கெடக்கு, சின்னவனுக்க கட்டி வத்திட்டு. பீடி ஒம்பது நாளா தொடல சிஸ்டர்.

உள்ள இருந்து அஞ்சு துண்டு எடுப்பியளா, டிபிக்கும் அனுப்புவியளான்னு டாக்டர்கிட்ட நானே கேட்டேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாரு, எடுப்பேன்னு சொல்லி சீட்டுல எழுதிக்கிட்டாரு. ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுதேன்.